ஓடிப்போனவனைப் பற்றிய பகுதி

லாங்கு பஜாருக்குப் பின்சந்தில் அச்சகம்.
மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே நான்,
இடையில் வேலூர் வெயில்.
மெய்ப்புப் பார்க்கப் பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.

மௌலவி ஷம்சுல் ஹுதா சாகிபு
அரபியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த பழைய சட்டநூல்.
தொழுகை முடிந்து, ஜகாத் முடிந்து,
நிக்காஹ்வும் தலாக்கும் முடிந்து
நானூற்றுப் பதினோராம் பக்கம்:
"பணியாளை விற்றல்."

பணியாளை எப்படி விற்பார்கள்?
சிவப்பில் வட்டம் போட்டு
விளிம்பில் எழுதினேன்:
மூலத்தில் என்ன சொல்?

போனில் முதலில் இருமல் வந்தது. நல்ல மனுஷர்.
"அடிமைன்னு போட்டா, அம்மா,
படிக்கிறவன் இன்னைக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்ப்பான்.
அந்தக் காலம் வேற. உலகமே அப்படித்தான் இருந்தது.
ரோமாபுரியில இல்லையா, பாரசீகத்தில இல்லையா,
நம்ம பக்கமே ஆளை விற்ற ஓலை கிடைக்கலையா?
நம்மவங்க கதவையாவது திறந்து வெச்சாங்க.
சத்தியம் தவறினா ஒருத்தரை விடு,
கை தவறிக் கொன்னா ஒருத்தரை விடு.
விடுதலைக்கு அரபியில என்ன பேர் தெரியுமா?
கழுத்தை அவிழ்ப்பது."

அழகான பேர். மறுக்கவில்லை.
ஆனால் பணியாள் கழுத்தில் என்ன இருந்தது, அவிழ்க்க?
சொல்லை மெழுகினால்
விலங்கு மட்டுமா மறைகிறது,
அவிழ்த்தவரின் நன்மையும் சேர்ந்து போகிறதே சாகிபு,
என்று கேட்க நினைத்தேன்.
அஸர் பாங்கு சொன்னார்கள். வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை நானூற்று இருபத்தாறு.
"ஓடிப்போனவனைப் பற்றிய பகுதி."
மூன்று நாள் நடைத் தொலைவிலிருந்து
பிடித்துவந்து ஒப்படைப்பவனுக்கு நாற்பது திர்ஹம்.
தொலைவு குறைந்தால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்று நாள்.
வாணியம்பாடியில் இறங்கி
பாலாற்று மணலிலேயே நடந்தால்
மூன்றாம் நாள் இருட்டும்போது ஆற்காடு வரலாம்.
குதிகால் வெடித்திருக்கும்.

உலகமே சரியென்று இருந்த காலத்தில்
இவன் எதற்கு ஓடினான்?
நம் நூற்றாண்டின் கண்ணாடியை
யார் போய் அவனுக்குக் கடன் கொடுத்தது?
அவனும் அந்தக் காலத்து ஆள்தான்.
நூலில் ஒரு பகுதியே ஒதுக்கும் அளவுக்கு
அவனைப்போல நிறையப் பேர்.
அவர்களுக்கு எழுதத் தெரியாது,
கால் இருந்தது.

அவன் கையில் ஒருத்தனைக் கொடுத்திருந்தால்
அவனும் வைத்துக்கொண்டிருப்பானோ?
இருக்கலாம். அதையும் யோசித்தேன்.

மேல்விஷாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது
இலியாஸ் அண்ணன் நோட்டோடு உட்கார்ந்திருந்தான்.
திமிரிப் பக்கம் அவனுக்கு அரிசி ஆலை.
மாதக்கடைசியில் கூட்டல் என் வேலை,
என் மகளின் கல்லூரிக் கட்டணம் அவன் பொறுப்பு.

கன்னியப்பன், முனியம்மா, பிள்ளை இரண்டு.
முன்பணம் பதினெட்டாயிரம்.
எதிரே நீலப் பால்பாயிண்டில்:
ஓடிட்டாங்க.

அண்ணன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.
"திருத்தணி பஸ் ஸ்டாண்டுல பார்த்தாங்களாம்.
கூட்டிட்டு வந்துடு, ரெண்டாயிரம் தர்றேன்."
நான் பார்ப்பதைப் பார்த்து
"எல்லா ஆலையும் இப்படித்தான் ஓடுது" என்றான்,
நான் எதுவும் கேட்காமலே.

கூட்டினேன். இரண்டு முறை.
கூட்டல் சரியாக வந்தது.

ராத்திரி கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
பணியாள் பணியாள் என்று தொண்ணூற்று மூன்று இடம்.
ஒவ்வொன்றாக அடித்து
மேலே அடிமை என்று எழுதினேன்.
சாகிபு கோபிப்பார். கோபிக்கட்டும்.
எழுபதாவது இடத்தில் பேனா தீர்ந்து
மகளின் பேனாவை எடுத்தேன்.

அண்ணன் நோட்டில் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.
அது எனக்கு மெய்ப்பாக வரவில்லை.

காலையில் பஸ்ஸில்
கண்டக்டரிடம் சில்லறை வாங்கும்போது கேட்டேன்,
இங்கிருந்து திருத்தணி எத்தனை கிலோமீட்டர்.
எழுபது சொச்சம் இருக்கும்மா, என்றார்,
போகணுமா?